இரண்டு குசினி வீடு

"படத்தில் கிணறு இருக்கிற இடத்தில் கிணற்றைக் காணவில்லை, மச்சான். புயலில் மண் மூடியிருக்கும் என்று தோண்டிக்கொண்டிருக்கிறோம்."

ஸலாமையும் சுகச் செய்தியையும் தாண்டி, கடிதத்தின் மூன்றாவது வரியில் காலிதீன் நின்றுவிட்டான். எழுதியிருந்தவர் அவனுடைய மனைவி ஜுனைதாவின் மூத்த சகோதரர் ஜவுபர். புயலில் விழுந்த ஜுனைதாவின் சாய்ந்தமருது வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பவர்.

காலிதீன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். கட்டிலுக்கு நேரே, ஆணியில் ஒரு செப்புத் தகடு தொங்கியது. அதில் அவன் ஊசியால் கீறிய அதே வீடு. கிணறு வலது கைப்பக்கம், சமைக்கிற குசினியை ஒட்டி, எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. ஒழுங்கையில் நின்று வீட்டைப் பார்த்தால் வலது கை மேற்கு. காணாமல் போவதற்கு அதில் என்ன இருக்கிறது?

கீழே சைக்கிள் திருத்தும் பளீல், இரண்டு தேத்தண்ணீருடன் படியேறி வந்தார். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு வந்து இருபது வருடமான மனிதர். கொம்பனித்தெருவில் காலிதீனுக்கு மாடி அறையைக் கொடுத்தவரும் அவர்தான்.

"என்ன தம்பி, முகம் கறுத்துப் போச்சு? ஊருல ஆரும் மௌத்தா?"

"இல்ல காக்கா. கெணத்தைக் காணல்லியாம்."

"களவு போற சாமானா அது?"

காலிதீன் மிச்சக் கடிதத்தை வாசித்தான். "கிழக்குப் பக்கம் ஒன்பதடி தோண்டியாயிற்று. பழைய கிணறு அகப்படவில்லை. ஆனால் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு."

"கிழக்குலயா?" என்றான் சத்தமாக. "கடல் பக்கமா என்னத்துக்குத் தோண்டுறாங்க?"

பளீல் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த அச்சுப் பிரதி ஒன்றைக் கழற்றி, தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தாளுல கெணறு இடக் கைப்பக்கம். அந்தத் தகட்டுல வலக் கைப்பக்கம். நீ ஊருக்கு அனுப்பின எது?"

காலிதீன் தாளைக் கையில் வாங்கினான். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

மெழுகு பூசிய தகட்டில் கீறி, அசிட்டில் ஊறவைத்து, கோடுகளுக்குள் மையை இறக்கி, ஈரத்தாளில் அழுத்தினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆறு வருடமாக இதே வேலையைச் செய்பவனுக்கு அது தெரியாததல்ல. படத்தில் கடைப்பலகை வந்தால் எழுத்தை மறுபுறமாகக் கீறுவான். தோணி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலென்ன என்று தோணியை விட்டுவிடுவான். வீட்டைக் கீறியபோது அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. வீடு மட்டும்தான் வந்தது. அதன் பிறகு அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது தகட்டை. ஊருக்குப் போனது தாள்.

கொழும்பில் இது அவனுடைய மூன்றாவது அறை. முதல் அறை மருதானையில், ஒரு பேக்கரியின் பின்புறம். பாணில் அசிட் மணக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வெள்ளவத்தையில், கடல் தெரிகிற மாடி. அங்கே பொழுது கடலுக்குள் இறங்கியது. ஊரில் கடலிலிருந்துதான் பொழுது எழும்பும். ஒவ்வொரு மாலையும் யாரோ ஊரைத் தகட்டிலிருந்து தாளில் எடுத்ததுபோல் பக்கம் மாறி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவனாகவே அங்கிருந்து வெளியேறினான். தோணிகளும் வலைகளும் கைகளுமாக அந்த அறைகளில் செய்த படங்கள் விற்றன. இந்த அறைக்கு வந்தபின் கடலுமில்லை, தோணியுமில்லை. வீடு ஒன்றுதான்.

எழுபத்தெட்டு நவம்பரில் புயல் அடித்தபோது அவன் இங்கே இருந்தான். பாதை திறந்து ஊர் போய்ச் சேரப் பத்து நாளானது. தென்னைகளெல்லாம் விழுந்து, வேலிகள் போய், தன் ஒழுங்கை எது என்று அவனுக்கே தெரியவில்லை. ஜுனைதா தன் வளவுக்குள் ஒரு கிடுகுக் குடிலில் இருந்தாள். அவனைப் பார்த்தாள். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். மூன்று நாளும் ஒன்றும் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் நின்றிருப்பான். நாலாம் நாள், கொழும்பில் வேலை என்று சொல்லி பஸ் ஏறினான்.

அந்த வீடு அவளுடையது. கலியாணத்துக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. அந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லோரையும் போல அவனும் ஒரு பெட்டியோடு அதற்குள் போனவன். பதினொரு வருடம்; பிள்ளைகள் இல்லை. வீடு பழையபடி, ஓடு ஓடாக, அப்படியே எழும்பிவிட்டால், தான் போய் விறாந்தையில் இருக்கலாம், அவளும் ஏதாவது சொல்லுவாள் என்று அவன் நம்பினான். அரசாங்க மாதிரியில் தட்டை வீடு கட்டப் பார்த்த ஜவுபரைத் தடுத்து, "ஒன்றையும் மாற்ற வேண்டாம், படத்தில் உள்ளபடி கட்டுங்கள்" என்று எழுதியதும் அவன்தான்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றார் பளீல்.

"தந்தி அடிப்பம்."

"கிணறு தோண்ட வேண்டாம். படம் திரும்பியுள்ளது. பின்புறமிருந்து பார்க்கவும்" என்று தந்தி போனது.

எட்டு நாளில் கடிதம் வந்தது.

"மச்சான், தந்தி என்றதும் பக்கத்து வீட்டு றஹீமா ராத்தா நீங்கள் மௌத்து என்று அழத் தொடங்கிவிட்டா. தந்தியைப் பிரிக்குமுன் யாஸீன் ஓத ஆறுபேர் வந்து பாயில் இருந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். பிறகு படத்தின் பின்புறம் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தோம். தாள் தடிப்பு, ஒன்றும் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் பூசினால் தெரியும் என்று வீரமுனை நல்லரெத்தினம் மேசன் சொன்னார். பூசினோம். நன்றாகத் தெரிந்தது. பின்னேரம் எறும்பு வந்தது. இப்போது படத்தில் கூரையும் கொஞ்சம் குசினியும்தான் மிச்சம். குசினியைப் படத்தில் இருந்த பக்கமே கட்டி முடித்தாயிற்று. குசினி மேற்கே இருந்ததாக எனக்கு ஒரு ஞாபகம். ஆனால் தென்னைகள் விழுந்த பிறகு என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. நான் வந்தால் விறாந்தையோடு போகிறவன். தங்கச்சியிடம் கேட்டேன். 'அவர் கீறினது போல கட்டுங்க' என்கிறா. வேறொன்றும் சொல்லவில்லை."

கடைசி வரியைக் காலிதீன் இரண்டு முறை வாசித்தான்.

"கோவம்," என்றான்.

"இல்ல தம்பி, மரியாதை," என்றார் பளீல்.

"காக்கா, அவட மரியாதை எனக்குத் தெரியும். இது கோவம்."

இந்த முறை பிழை விடுவதில்லை என்று தீர்மானித்தான். புதுத் தகடு எடுத்தான். பக்கத்து சலூனிலிருந்து ஒரு கண்ணாடியை இரவல் வாங்கி, பழைய தகட்டை அதன்முன் நிறுத்தி, கண்ணாடியில் தெரிந்தபடி ஒவ்வொரு கோட்டையும் யோசித்துக் கீறினான். ஒரு கிழமை எடுத்தது. சலூனுக்கு வந்தவர்கள் பாதி முகத்துக்கு மட்டும் கண்ணாடி கிடைத்து, மேலே பார்த்து ஏசினார்கள். அசிட்டின் புகை கீழே இறங்கி, பளீலின் கடையில் நின்ற புதுச் சைக்கிள் ஒன்றின் மணியைப் பச்சையாக்கியது. பளீல் ஒன்றும் சொல்லாமல் மணியைக் கழற்றி, பழையதொன்றைப் பூட்டினார்.

குசினி வாசலுக்கு வந்தபோது காலிதீனின் கை நின்றது. அந்த வாசலில்தான் அவள் நிற்பாள். நிலையில் ஒரு தோளைச் சாய்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. அவன் அவளைக் கீறவில்லை. வாசல் முழுவதையும் நெருக்கமான கோடுகளால் இருட்டாக்கி, அந்த இருட்டை மட்டும் மூன்று முறை அசிட்டில் விட்டான். தாளில் எடுத்தபோது, அது தொட்டால் கையில் ஒட்டும்போலக் கறுப்பாக வந்தது.

படத்தோடு அனுப்ப அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். நான்கு பக்கம். கிழித்தான். இரண்டு பக்கம் எழுதினான். அதையும் கிழித்தான். கடைசியில் படத்தின் கீழே, மேற்குப் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இட்டு, "குசினி இங்கே வரவேண்டும்" என்று மட்டும் எழுதினான். படமே சொல்லுமே.

வந்த பதில் "மச்சான்" என்று தொடங்கவில்லை.

"ஜனாப் காலிதீன் அவர்களுக்கு. தாங்கள் கேட்டுக்கொண்டபடி மேற்குப் பக்கத்திலும் ஒரு குசினி கட்டி முடிக்கப்பட்டுள்ளது. அத்திவாரம் வெட்டும்போது பழைய கிணறும் அகப்பட்டது. இப்போது குசினி இரண்டு, கிணறு இரண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு குசினி என்னத்துக்கு என்று அப்துல் ஹமீட் மரைக்கார் பள்ளிவாசலில் வைத்து என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்திருக்கிறது. கொழும்பில் தாங்கள் இரண்டாவது கலியாணம் முடித்திருப்பதாகவும், அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து கிழக்குப் பக்கத்தில் வைக்கப் போவதாகவும் ஒழுங்கை முழுக்கக் கதை. ஜுனைதாவிடம் கேட்டேன். 'கீறி அனுப்பியிரிக்காரு, கட்டத்தானே வேணும்' என்கிறா. இப்படிக்கு, அ. ஜவுபர்."

பளீல் கடிதத்தை வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், அசிட் தொட்டி, மைத் துணிகள், உருளை யந்திரம்.

"இதுக்குள்ள எங்க தம்பி வச்சிரிக்காய் அவளை?"

"பகிடி விடாதீங்க காக்கா. திரும்ப ஒரு தந்தி..."

"அல்லாஹ்வுக்காகத் தந்தி அடிக்காத!" பளீல் கத்தினார். "படமும் அனுப்பாத. இனி நீ ஒண்டு கீறினா ஊருல ரெண்டு எழும்பும். பஸ் ஏறு."

"அவட முகத்துல எப்படி முழிக்கிற?"

"முன்னுக்கிருந்து முழி. பின்னுக்கிருந்து பார்க்கச் சொல்லித்தான் இவ்வளவும் வந்த."

இரண்டு தகடுகளையும் ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு காலிதீன் புறப்பட்டான். அவற்றைக் காட்டினால் விளங்கப்படுத்திவிடலாம். வாயால் முடியாது.

கல்முனையில் இறங்கியபோது காலை எட்டு மணி. சாய்ந்தமருதுச் சந்தித் தேநீர்க்கடையில் அப்துல் ஹமீட் மரைக்கார் பத்திரிகையோடு இருந்தார். காலிதீனைக் கண்டதும் பத்திரிகையை மடித்தார்.

"வாங்க மாப்பிள்ள. ஒத்தையாவா?"

"ஓம்."

"மத்தவங்க பின்னால வாற பஸ்ஸிலயா?"

"மத்தவங்க எண்டு ஆருமில்ல மரைக்கார்."

"சரி, சரி. முதல் நீங்க வந்து இடத்தைப் பார்க்கிறதுதான் முறை." அவருடைய கண் சுருட்டிய விரிப்பில் நின்றது. "அது என்ன, பாரமா?"

"செப்புத் தகடு. கீறல் போட்டது."

கடைக்குள் எல்லோரும் விரிப்பைப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சூனியம் வைக்கச் செப்புத் தகட்டில் கீறல் போட்டு வீட்டு வாசலில் புதைப்பவர்களைப் பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"தகடுமா?" மரைக்கார் மெதுவாகக் கேட்டார். "மூத்தவவுக்கா, இளையவவுக்கா?"

காலிதீன் விளக்கம் சொல்லத் தொடங்கினான். மெழுகு என்றான், ஊசி என்றான், அசிட்டில் ஊறவைப்பது என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் கடையில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். ஊசி என்றபோது ஒருவர் எழும்பியே போய்விட்டார். கடைசியில் அவன் விரிப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். அவன் ஒழுங்கைக்குத் திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிட்டிருந்தது. றஹீமா ராத்தா அவனைக் கண்டு, தன் வாசலில் உப்பைத் தூவி உள்ளே போனார்.

வீடு நின்றது.

நடுவில் விறாந்தை. இந்தப் பக்கம் ஒரு குசினி, அந்தப் பக்கம் ஒரு குசினி. இந்தப் பக்கம் ஒரு கிணறு, அந்தப் பக்கம் ஒரு கிணறு. அவனுடைய தகட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்ததுபோல. அந்த ஊரில் அவ்வளவு சமமான கட்டடம் இல்லை. ஆஸ்பத்திரிகூட ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் நிற்கும். கிழக்கு மூலையில் நல்லரெத்தினம் மேசன் ஏணியில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். காலிதீனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலையில் திரும்பினார்.

மேற்குக் குசினி வாசலில் ஜுனைதா வந்து நின்றாள். நிலையில் ஒரு தோள். கையை முந்தானையில் துடைத்தாள்.

கடல் இரைந்துகொண்டிருந்தது. ஏழு மாதமாக அவனுக்கு இந்தச் சத்தம் வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"புள்ள," என்றான். "நான் கொழும்புல ஒண்டும் செய்யல்ல."

"தெரியும். ஆறு வருசமா ஒண்டும் செய்யல்லத்தானே."

"இல்ல, ரெண்டாங் கலியாணத்தைச் சொல்றன்."

"உங்களுக்கு ஆரு தருவா?" அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். "விரல் பத்தும் கறுப்பு. நகத்துக்குள்ள மை."

உள்ளே போய், தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் விரிப்பை அவிழ்த்தான். தகடுகளை விறாந்தையில் வைத்து, இடம் வலமாவதைச் சொன்னான். தந்தியைச் சொன்னான். அம்புக்குறியைச் சொன்னான். அவள் நிலத்தில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. சொல்லி முடித்தபோது அவன் களைத்துப் போயிருந்தான்.

ஜுனைதா இரண்டாவது தகட்டின்மேல் விரலை வைத்து, கோடுகளைத் தடவிக்கொண்டே போனாள். விரல் வாசலில் நின்றது. அங்கே செம்பு ஆழமாய்ப் பறிந்து சொரசொரத்தது.

"இதென்ன, இந்த இடம் மட்டும் இப்படி அரிச்சிரிக்கி?"

"அது இருட்டு. அதுல நீ நிக்கிற."

"காணல்லியே என்னை."

"கீறல்ல."

"ஏன்?"

"கீறினா ஆராவது வாங்கிக்கொண்டு போயிருவாங்க."

அவள் விரலை எடுக்கவில்லை. மேசனின் கரண்டி சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

"புயலுக்குப் பிறகு நான் வந்தப்ப," அவன் மெல்லக் கேட்டான், "மூணு நாளும் ஏன் நீ ஒண்டும் கதைக்கல்ல?"

"நீங்க கேக்கல்லியே."

"கேட்டேனே."

"கூரையைக் கேட்டீங்க. கெணத்தைக் கேட்டீங்க. பெரிய கதவு எங்க எண்டு கேட்டீங்க. காத்தடிக்கக்குள்ள நீ எங்க புள்ள இருந்த எண்டு கேக்கல்ல."

காலிதீன் தலையைக் குனிந்துகொண்டான். அது உண்மை. வீட்டை அவன் சாமான் சாமானாக விசாரித்திருந்தான்.

"எங்க இருந்த?" என்றான்.

"பள்ளிக்கூடத்துல. புள்ளைகள் இரிக்கிற வாங்குக்குக் கீழ. றஹீமா ராத்தாட சீலையைப் பிடிச்சிக்கிட்டு." விரலைத் தகட்டிலிருந்து எடுத்து, "ஓடு பறக்கிற சத்தம் கேட்டா, எங்கட ஓடுதானோ எண்டு எண்ணிக்கொண்டிருந்தன்" என்றாள்.

உடனே எழும்பிவிட்டாள்.

"சோறு இரிக்கி. கையைக் கழுவிட்டு வாங்க. அந்தக் கெணத்துல வேணாம், உப்பு."

சாப்பிட்டு முடித்ததும் காலிதீன் விறாந்தையில் வந்து நின்றான். பொறுப்போடு சத்தமாகச் சொன்னான்:

"நாளைக்குக் கிழக்குக் குசினியை உடைக்கிறம். உப்புக் கெணத்தையும் மூடுறம். எல்லாத்தையும் சரியாக்கிப்போட்டுத்தான் நான் கொழும்புக்குப் போவன்."

"எவ்வளவு நாள் எடுக்கும்?" உள்ளிருந்து கேட்டாள்.

"ரெண்டு மாசம். மூணும் ஆகும்."

"ம்," என்றாள் ஜுனைதா.

அந்த "ம்"மில் சிரிப்பு இருந்ததா, காலிதீனுக்குப் பிடிபடவில்லை. நேரே மேசனின் ஏணிக்கடியில் போய் நின்றான். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

"நல்லரெத்தினண்ணன், உங்களுக்குத்தான் சரியான கரைச்சல். பிழை முழுக்க என்ட. அச்சுல எடுத்தா மறுபக்கமா வரும் எண்டு அவவுக்கு நான் முதலே விளங்கப்படுத்தியிருந்தா, பாவம், அவ இப்படிப் பிழையாக் கட்ட விட்டிருக்கமாட்டா."

நல்லரெத்தினம் மேசன் பூசுவதை நிறுத்தி, கரண்டியைச் சாந்துச் சட்டியில் வைத்தார். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் தம்பி, பதினொரு வருசம் சோறாக்கின பொம்புளைக்குத் தன்ட குசினி எந்தப் பக்கம் எண்டு படம் பார்த்தா தெரியோணும்? 'சரியாக் கட்டி முடிச்சா அந்த மனிசன் கொழும்புலயே இருந்திருவாரு, பிழையாவே கட்டுங்க மேசன்' எண்டு முதல் கல்லு வைக்கக்குள்ளயே சொல்லிப்போட்டா. இந்த மாசமும் நீங்க வராம இருந்திருந்தா மாடிக்குப் படி வச்சிருப்பம்."